அப்பா நடந்தாரா? எக்ஸெல் சொன்ன பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலர் முதல் மாதத்தில் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறார்கள். பாட்டு, படம், விளையாட்டு, இன்டர்நெட் எல்லாம் உடனே பழகிவிடுகின்றன. எக்ஸெல்லை மட்டும் ஒருமுறை திறந்து, கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்து, "இது ஆபீஸ் கணக்குக்கு" என்று மூடிவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கட்டங்களுக்குள் என் அப்பாவின் சர்க்கரை நோய் நுழைந்த பிறகுதான், இந்தப் புரோகிராமின் அருமை எனக்கே புரிந்தது. நான் சாப்ட்வேர் என்ஜினியர் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் கூச்சத்துடன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் ஊர் தேனி மாவட்டத்தில் சின்னமனூர் பக்கம். அப்பாவுக்கு வயது 58. வாழை விவசாயம். சர்க்கரை இருப்பது தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை வீட்டிற்கே வந்துவிடுகிறது. மாத்திரையை அவர் ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். நடப்பதும் சாப்பாட்டைக் குறைப்பதும்தான் நடக்காது. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 8.6 என்று வந்தபோது, அம்மா போனில் பேசாமல் அழுதார். காரணம் இருக்கிறது. என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, இதே நோயில் அதற்கு முந்தைய ஆண்டுதான் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள்.

நான் சென்னையில் இருக்கிறேன். தினமும் காலையில் அப்பாவை எழுப்பி நடக்கச் சொல்ல முடியாது. ஆனால் மெசேஜ் அனுப்ப முடியுமே! கூகுள் மெசேஜஸ் அப்ளிகேஷனில் செய்தியை டைப் செய்தபின், அனுப்பும் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், எந்த நாளில் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இரண்டு மாதத்திற்கான செய்திகளைக் குறித்து வைத்துவிட்டேன். "அப்பா, இன்றைக்கு அரை மணி நேரம் நடக்கவும்." மகளின் கடமை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நடந்தேன் பாப்பா, நல்லா நடந்தேன்" என்று அப்பாவும் தினமும் சொன்னார். அவருடைய போனில் காலடிகளை எண்ணும் அப்ளிகேஷனையும் போட்டிருந்தேன். ஒரு நாள் அதில் 9,412 என்று இருந்தது. மகிழ்ச்சியில் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவருக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், கட்டில விட்டு எந்திரிக்கல" என்றார் அம்மா. அண்ணன் மகன் அந்தப் போனை டவுசர் பையில் போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடியிருக்கிறான். எண்ணிக்கை சரியானதுதான். கால்கள்தான் வேறு.

அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. மெசேஜ் அனுப்பினால் மனிதனின் பழக்கம் மாறுமா? மாறியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு உடல்நல உளவியல் என்ற துறை இருக்கிறது. நான் தேடியபோது கிடைத்த மிக முக்கியமான ஆய்வு ஒன்று சென்னையிலிருந்துதான் வெளிவந்திருந்தது.

சென்னை எஸ்.எம்.எஸ். ஆய்வு

டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் இந்திய நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு இது. இதற்கு முன் அவர்கள் செய்த இன்னொரு ஆய்வு 2006ல் வெளியானது. சர்க்கரை நோய் இன்னும் வராமல், வரும் நிலையில் இருப்பவர்கள் 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். எந்த உதவியும் இல்லாத குழுவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவு, உடற்பயிற்சி குறித்துத் தொடர்ந்து ஆலோசனை பெற்ற குழுவில் அது 39.3 சதவீதம். ஆக, பழக்கத்தை மாற்றினால் நோயைத் தள்ளிப் போடலாம் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்ப அழைத்து உட்கார வைத்துப் பேச ஆட்கள் வேண்டும், செலவு ஆகும். நம் நாட்டில் இது எத்தனை பேருக்கு நடக்கும்? 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி.

எனவே ஆலோசனையை எஸ்.எம்.எஸ். மூலம் அனுப்பிப் பார்ப்போம் என்று 2009ல் தொடங்கினார்கள். வேலைக்குச் செல்லும் 35 முதல் 55 வயது வரையிலான ஆண்கள் 8,741 பேரைப் பரிசோதித்து, அவர்களில் நோய் வரும் நிலையில் இருந்த 537 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்து செய்ததுதான் முக்கியம். யாருக்கு மெசேஜ், யாருக்கு இல்லை என்பதை டாக்டர்கள் தங்கள் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது போல 271 பேர் ஒரு பக்கம், 266 பேர் மறுபக்கம் எனப் பிரித்தார்கள். தொடக்கத்தில் இரு குழுவினருக்கும் ஒரே ஆலோசனைதான். அதன்பின் ஒரு குழுவிற்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் மெசேஜ் தொடர்ந்து போனது.

ஏன் குலுக்க வேண்டும் என்று கேட்கலாம். "யாருக்கு மெசேஜ் வேண்டும்?" என்று கேட்டால், ஏற்கனவே அக்கறை உள்ளவர்தான் கை தூக்குவார். பிறகு அவர் உடல்நிலை நன்றாக இருந்தால், அது மெசேஜின் பயனா அவருடைய அக்கறையின் பயனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கும்போது அக்கறை உள்ளவர், இல்லாதவர், டீக்கடையே கதி என்று இருப்பவர் எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் போய்ச் சேர்வார்கள்.

ரத்தத்தைச் சோதித்த லேப் ஊழியர்களுக்கு, எந்தக் குழாய் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாதபடியும் பார்த்துக்கொண்டார்கள். அளப்பவருக்கு ஆசை இருந்தால் அளவும் கொஞ்சம் சாய்ந்துவிடும் அல்லவா?

செய்திகளிலும் ஒரு வேலைப்பாடு இருந்தது. "நடக்க வேண்டும்" என்று இன்னும் நினைக்கவே தொடங்காதவர், யோசித்துக்கொண்டிருப்பவர், தயாராகிவிட்டவர், நடந்துகொண்டிருப்பவர் என மனிதர்கள் வெவ்வேறு நிலைகளில் இருப்பார்கள் என்பது அமெரிக்க உளவியலாளர்கள் புரோசாஸ்காவும் டிகிளெமென்டேயும் சொன்ன கருத்து. எந்த நிலையில் இருக்கிறாரோ அதற்கேற்ற செய்தி அவருக்குப் போனது. என் அப்பா முதல் நிலையில் இருந்தார். நான் அனுப்பியதோ மூன்றாம் நிலைக்கான செய்தி.

இனி முடிவு. 2013ல் வெளியான முடிவின்படி, மெசேஜ் பெற்ற 271 பேரில் 50 பேருக்கு நோய் வந்தது. மெசேஜ் பெறாத 266 பேரில் 73 பேருக்கு வந்தது. இதனை நீங்களே எக்ஸெல்லில் போட்டுப் பார்க்கலாம். புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, ஏ1 செல்லில் கிளிக் செய்து, சமன் குறி இட்டு 50/271 என டைப் செய்து என்டர் தட்டவும். 0.1845 எனத் தொடங்கும் எண் கிடைக்கும். ஏ2 செல்லில் அதேபோல் =73/266 எனத் தரவும். 0.2744 எனத் தொடங்கும் எண் வரும். அதாவது 18 சதவீதம், 27 சதவீதம். சமன் குறி இடாமல் டைப் செய்தால் எக்ஸெல் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளாது; எழுத்தாகவோ தேதியாகவோ நினைத்துக்கொள்ளும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

இப்போது ஏ3 செல்லில் சமன் குறி இட்டு, 1/(ஏ2-ஏ1) என்ற பார்முலாவை அமைக்கவும் (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்திட வேண்டும்). விடை 11.1. இந்த 11 என்பது அழகான எண். பதினோரு பேருக்கு இரண்டு ஆண்டுகள் மெசேஜ் அனுப்பினால், அந்தக் காலத்தில் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று அர்த்தம். மற்ற பத்துப் பேரில் சிலருக்கு எப்படியும் வந்திருக்காது. சிலருக்கு எப்படியும் வந்திருக்கும். பத்திரிகைச் செய்திகளில் "36 சதவீதம் குறைந்தது" என்று படிப்பதைவிட, "பதினொன்றில் ஒருவர்" என்பது நம் கண்முன் ஆட்களை நிறுத்துகிறது. யாராவது பெரிய சதவீதம் சொன்னால், இந்த வகுத்தலை ஒருமுறை செய்து பாருங்கள்.

அதே ஆய்வின் தகவல்களை வைத்து 2014ல் வந்த இன்னொரு கட்டுரைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நோய் குறைந்ததற்குக் காரணமாகத் தெரிந்தது சாப்பாட்டில் வந்த மாற்றம். உடற்பயிற்சி கூடியதோ இல்லையோ, அதைச் சாராமலே பயன் கிடைத்திருந்தது. நான் இரண்டு மாதமாக நடை, நடை என்று அப்பாவைத் துரத்தியிருந்தேன். தட்டில் என்ன விழுகிறது என்று ஒரு நாள் கூடக் கேட்கவில்லை.

எல்லா மெசேஜும் வேலை செய்யுமா?

இத்துடன் நிறுத்தியிருந்தால் "எஸ்.எம்.எஸ். சர்க்கரையைத் தடுக்கும்" என்று உங்களுக்கு உற்சாகமாக எழுதியிருப்பேன். ஆனால் இதே குழுவினர் உட்பட இந்திய, பிரிட்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து, இரு நாடுகளிலும் 2,062 பேரைக் கொண்டு இன்னும் பெரிய ஆய்வை நடத்தினார்கள். 2020ல் முடிவு வெளியானது. மெசேஜ் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே நம்பிச் சொல்லும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. இந்த முறை ஆட்களைத் தேர்ந்தெடுத்தது எச்பிஏ1சி சோதனையை வைத்து. முதல் ஆய்வில் குளுக்கோஸ் குடிக்க வைத்துச் செய்யும் சோதனையை வைத்து. ஆட்களும் வேறு, ஊரும் வேறு. தாங்கள் முன்பு சொன்னதற்குச் சாதகமாக வராத முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கள் சாப்ட்வேர் துறையில், வேலை செய்யாத வசதியைப் பற்றி யாரும் அறிக்கை வெளியிடுவதில்லை.

2014ல் வெளியான இன்னொரு ஆய்வில், தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய 631 பேரில் ஒரு பாதியினருக்கு மாத்திரையை நினைவூட்டும் போன் அழைப்புகள் வாரந்தோறும் போயின. அதிலும் சிகிச்சையின் பலனில் வேறுபாடு தெரியவில்லை.

அளப்பதிலேயே உள்ள சிக்கலுக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு உண்டு. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1956ல் மெட்ராசில் காசநோய் கீமோதெரபி மையமாகத் தொடங்கியது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாக முடியுமா, சானடோரியத்தில் படுக்கத்தான் வேண்டுமா என்பதைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்து, வீட்டிலிருந்தே முடியும் என்று 1959ல் உலகிற்குச் சொன்னது அந்த மையம்தான். அப்போதே அவர்கள் "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்டதோடு நிற்கவில்லை. சொல்லாமல் வீட்டிற்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், மாத்திரை அட்டையின் உள்ளே மறைந்திருக்கும் எண்ணுக்கு நோயாளி இலவசமாகப் போன் செய்ய வேண்டும் என்ற 99 டாட்ஸ் என்னும் முறை வந்தது. மாத்திரையைப் பிதுக்கினால்தான் எண் தெரியும். நல்ல யோசனைதான். ஆனால் சென்னை, வேலூர், மும்பையில் நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து ஒப்பிட்டபோது (முடிவு வெளியானது 2020ல்), சாப்பிட்டுவிட்டுப் போன் செய்யாதவர்களும் இருந்தார்கள். சாப்பிடாமல் போன் மட்டும் செய்தவர்களும் இருந்தார்கள். அண்ணன் மகனின் கிரிக்கெட் எனக்கு ஞாபகம் வந்தது.

நம் வீட்டிலேயே ஒரு சோதனை

சரி, ஒரே ஒரு அப்பாவை வைத்து எப்படிச் சோதிப்பது? ஆட்களைக் குலுக்க முடியாது. நாட்களைக் குலுக்கலாம்!

முதலில் அப்பாவிடம் அனுமதி கேட்டேன். "என்னைய வச்சுப் பரீட்சையா? செய்யி" என்றார். அவருக்குத் தெரியாமல் செய்திருந்தால் அது உளவு பார்ப்பது. ஒர்க்ஷீட்டில் முதல் நெட்டு வரிசையில் 56 நாட்களின் தேதிகளை அமைத்தேன். முதல் இரண்டு தேதிகளை டைப் செய்து, இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் மற்றவை தாமாக நிரம்பும். அடுத்த நெட்டு வரிசையில் ராண்ட்பிட்வீன் என்னும் பங்ஷனைப் பயன்படுத்தினேன். பார்முலா பாருக்கு இடது பக்கம் உள்ள எப்எக்ஸ் பட்டனில் கிளிக் செய்தால் கிடைக்கும் பட்டியலில் இதனைத் தேர்ந்தெடுத்து, முதல் கட்டத்தில் 0, அடுத்த கட்டத்தில் 1 எனத் தந்து ஓகே கிளிக் செய்யவும். செல்லில் 0 அல்லது 1 வரும். அதே சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் 56 நாட்களுக்கும் கிடைக்கும். 1 என்றால் அன்று மெசேஜ். 0 என்றால் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த பங்ஷன் நீங்கள் ஒர்க்ஷீட்டில் எதை மாற்றினாலும் புதிதாகக் குலுக்கிவிடும். எனவே அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒட்டிவிடுங்கள். எண்கள் உறைந்துவிடும். நான் முதல் நாள் இதை மறந்து, மறுநாள் காலையில் வேறு அட்டவணையைப் பார்த்து விழித்தேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் இதையெல்லாம் ஏறத்தாழ இதே முறையில் செய்யலாம். கம்ப்யூட்டரே வேண்டாம் என்றால் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டினாலும் குறையொன்றுமில்லை.

அளப்பவர் அம்மா. அப்பா அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தால், சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒரு டிக். எந்த நாளில் மெசேஜ் போனது என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை. லேப் ஊழியர்களுக்குக் குழு தெரியாமல் வைத்த அதே வித்தைதான்.

எட்டு வாரம் முடிந்தது. டேட்டா மெனுவில் பில்டர் என்பதைக் கிளிக் செய்து, மெசேஜ் போன நாட்களை மட்டும் காட்டச் செய்து, அம்மாவின் நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்தால், விண்டோவின் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத் தொகை தெரியும். மெசேஜ் போன 27 நாட்களில் 9 நாள் நடந்திருந்தார். போகாத 29 நாட்களில் 10 நாள். மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று. என் மெசேஜுக்கும் அப்பாவின் நடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பாவைக் கேட்டிருந்தால் 41 நாள் நடந்ததாகக் கணக்கு. அவர் சொன்னதையும் ஒரு நெட்டு வரிசையில் எழுதி வைத்திருந்தேன்.

இந்தச் சோதனையில் ஓட்டை இல்லாமல் இல்லை. நேற்றைய மெசேஜ் இன்றும் மனதில் இருக்கலாம். அப்படியானால் மெசேஜ் இல்லாத நாளும் முழுதாக "இல்லாத" நாள் அல்ல. இருந்தாலும் இரண்டு மாத நம்பிக்கையை ஸ்டேட்டஸ் பாரில் இரண்டு எண்கள் உடைத்துவிட்டன.

எங்கே முட்டுகிறது?

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, மெசேஜ் அனுப்புவதை விட்டுவிட்டு, முதல் முறையாகக் கேட்டேன். "ஏம்ப்பா நடக்க முடியல?"

"நாள் பூரா தோட்டத்துலதான நிக்கிறேன். அதுக்கு மேல என்னத்த நடக்க?" என்றார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. விடியற்காலையில் வாய்க்கால் கரையில் நாய்கள். தண்ணீர் முறை வரும் நாட்களில் நேரமே அவர் கையில் இல்லை. ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றும் சாரலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாழைக்குக் கம்பு முட்டுக் கொடுக்கவே ஆள் போதாது. வேலை இல்லாத ஆள் மாதிரி வெறும் கையை வீசி நடந்தால் ஊரில் கேட்பார்கள் என்பது கடைசியாக வந்தது. அதுதான் பெரிய காரணம் என்று எனக்குப் பட்டது.

லண்டனைச் சேர்ந்த சூசன் மிச்சி என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011ல் வெளியிட்ட ஒரு கட்டமைப்பு இதற்கு உதவியது. ஒரு பழக்கம் நடக்க மூன்று வேண்டும்: செய்யும் திறன், செய்வதற்கான வாய்ப்பு, செய்ய வேண்டும் என்ற உந்துதல். எது இல்லையோ அதற்குத்தான் மருந்து. அப்பாவுக்குத் திறன் உண்டு, வாய்ப்புதான் இல்லை. நான் அனுப்பியதோ உந்துதல். கம்ப்யூட்டரில் பிரின்ட்டர் கேபிளே சொருகாமல், பிரின்ட் பட்டனைத் திரும்பத் திரும்பக் கிளிக் செய்வது போல.

மதுரைப் பக்கமே இதற்கு ஒரு பழைய பாடம் இருந்தது. தேனி தனி மாவட்டம் ஆவதற்கு முன், 1991ல் வெளியான ஓர் ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவரும் பங்கு பெற்றார். கண்புரை ஆபரேஷனுக்குக் கிராம மக்களை வரவழைக்க எட்டு விதமான முறைகளைப் பிரித்துச் சோதித்தார்கள். ஏற்கனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசுவதும், ஆபரேஷன் மட்டும் இலவசம் என்றில்லாமல் போக்குவரத்து உள்பட முழுச் செலவையும் ஏற்பதும் நல்ல பலன் தந்தன. "ஆபரேஷன் இலவசம்தானே, ஏன் வரவில்லை?" என்று மருத்துவமனையில் உட்கார்ந்து கேட்பவருக்கு பஸ் கட்டணமும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் கண்ணில் படுவதில்லை.

எங்கள் வீட்டில் "ஏற்கனவே அனுபவித்தவர்" இருந்தார். மாமா.

நடையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நாளில் வாய்க்குள் போவதை எழுதினோம். அப்பா காலை முதல் மாலை வரை ஐந்து டீ குடிக்கிறார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. பத்து ஸ்பூன்! அம்மாவுக்கே இது தெரியாது. வீட்டில் குடிப்பது ஒன்றுதான், மற்ற நான்கும் கடையில். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பரிசோதித்துச் சொன்ன ஒரு முறையை எடுத்துக்கொண்டோம். "சீனியைக் குறைப்பேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று இடமும் நேரமும் வைத்துச் சொல்ல வேண்டும். வாக்கியத்தை அப்பாவே சொன்னார்: "கடை பெஞ்சுல உக்காந்ததும், வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி, சீனி இல்லாமன்னு சொல்லிப்புடுறேன்." மாமா கடைக்காரரிடம் பேசினார். "மாப்ள, நீ சொன்னாலும் சொல்லாட்டியும் ஒனக்குச் சீனி கெடையாது" என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டார். செருப்பைக் கழற்றிக் காலை ஒருமுறை காட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எந்த மெசேஜிலும் அதை என்னால் அனுப்பியிருக்க முடியாது.

மாற்றத்திற்கு முந்தைய இரண்டு வாரம், சீனி போட்ட டீ எத்தனை என்று எழுதி வைத்தோம். சராசரி நாளுக்கு ஐந்தை ஒட்டி. இதைத் தவறாமல் செய்யுங்கள். முந்தைய அளவு இல்லாமல் பிந்தைய அளவுக்கு அர்த்தமில்லை. பிறகு பன்னிரண்டு வாரம். எண்ணியவர் மாமா. முதல் வாரம் மூன்று, நான்காம் வாரத்தில் ஒன்று. நடுவில் ஒரு கல்யாண வாரத்தில் மீண்டும் நான்கு. எக்ஸெல்லில் தேதியையும் எண்ணிக்கையையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் லைன் சார்ட் கிளிக் செய்தால், அந்தக் கல்யாணம் கோபுரம் மாதிரி எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். "பந்தியில பாயசமும் இருந்துச்சு, அத இதுல போடலயே" என்றார்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.5. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் இதை டீயின் வெற்றி என்று நான் எழுத மாட்டேன். 8.6 வந்த சமயத்தில் டாக்டர் மாத்திரை அளவையும் கூட்டியிருந்தார். மேலும், எதையும் மிக மோசமாக இருக்கும்போதுதான் நாம் கவனிக்கத் தொடங்குகிறோம். மிக மோசமான அளவுக்கு அடுத்த அளவு, நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கி வருவது வழக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் சென்னை ஆய்வில் அந்த 266 பேர் தேவைப்பட்டார்கள். என்னிடம் இன்னொரு அப்பா இல்லை. டீயில் சீனி குறைந்தது உறுதி. ரத்தத்தில் குறைந்ததில் அதன் பங்கு எவ்வளவு என்பது என் ஒர்க்ஷீட்டில் இல்லை.

நீங்களும் வீட்டில் இதைச் செய்ய நினைத்தால் இரண்டு விஷயங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் உணவைக் குறைத்தாலோ நடையைக் கூட்டினாலோ சர்க்கரை திடீரென மிகவும் இறங்கிவிடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், பையில் இனிப்பு இருக்கட்டும். சோதனைக்காக மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது என்ற பேச்சே கூடாது. இரண்டாவது, வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் இந்த பைலுக்கு பாஸ்வேர்ட் கொடுங்கள். பைல் மெனுவில் இன்போ, அதில் ப்ரொடெக்ட் ஒர்க்புக், பின் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று செல்ல வேண்டும். பாஸ்வேர்டை மறந்துவிட்டால் பைல் போனது போனதுதான். எழுதி பீரோவில் வையுங்கள்.

எங்கள் பைல் இப்போது ஊரில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது. அண்ணன் மகன்தான் வாரம் ஒருமுறை எண்களை டைப் செய்கிறான், கிரிக்கெட்டுக்குப் பரிகாரம். போன மாதம் அதைத் திறந்தபோது புதிதாக ஒரு நெட்டு வரிசை இருந்தது. மேலே "அப்பத்தா டீ" என்று தலைப்பு. அம்மாவுக்கும் சோதித்துப் பார்த்ததில் எல்லையில் இருக்கிறதாம். முதல் இரண்டு வாரத்திற்கு எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் சொல்லியிருக்கிறேன்.